ஆண்ட்ராய்டு 12-இலிருந்து 14-க்கு: பழுதா, விதி மாற்றமா? அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

என் தாயார் காலை எட்டு மணிக்கு இரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு 12 இருந்த அவருடைய பழைய கைப்பேசியில் ஒரு செயலி அதை இரண்டு ஆண்டுகளாகத் தவறாமல் நினைவூட்டி வந்தது. ஆண்ட்ராய்டு 14 உள்ள புதிய கைப்பேசிக்கு எல்லாவற்றையும் மாற்றிய மறுநாளிலிருந்து அதே செயலி ஒரு நாள் எட்டு இருபதுக்கும், இன்னொரு நாள் எட்டே முக்காலுக்கும் ஒலித்தது. பழுது பார்க்கும் கடையில் காட்டியபோது ஃபேக்டரி ரீசெட் செய்து கொடுத்தார்கள். தாமதம் அப்படியே இருந்தது. கடைசியில் அமைப்புகளுக்குள் அணைந்து கிடந்த ஒரே ஒரு பொத்தானை இயக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அந்தக் கைப்பேசியில் பழுது எதுவும் இருக்கவில்லை. இரண்டு பதிப்புகளுக்கும் இடையே ஒரு விதி மாறியிருந்தது, அவ்வளவுதான்.

2021 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 12 வெளிவந்தது. 2022 ஆகஸ்டில் 13-உம், 2023 அக்டோபரில் 14-உம் வந்தன. இந்த இரண்டு ஆண்டுகளில் தோற்றத்தைவிட அனுமதிகள்தாம் அதிகம் மாறின. முன்பு எல்லாச் செயலிகளுக்கும் தானாகக் கிடைத்த சில உரிமைகளை இப்போது நாமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே கீழே சொல்லப்படும் அறிகுறிகள் எதற்கும் ஃபேக்டரி ரீசெட் தீர்வாகாது. அதைச் செய்தால் நீங்கள் முன்பு கொடுத்து வைத்த அனுமதிகளும் சேர்ந்து அழிந்து, நிலைமை இன்னும் மோசமாகும்.

முதலில் பார்க்க வேண்டிய இரண்டு விவரங்கள்

"அமைப்புகள்" பகுதியின் கடைசியில் இருக்கும் "ஃபோனைப் பற்றி" என்பதைத் திறந்து, ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் ஆண்ட்ராய்டின் மேல் தாங்கள் போர்த்தும் மென்பொருள் மேலுறைக்குத் தனியாக ஓர் எண் வைத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பட்டியல்களின் பெயர்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று வேறுபடும். நான் சொல்லும் பெயர் கண்ணில் படாவிட்டால், அமைப்புகளின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அதன் முதல் சொல்லை உள்ளிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது விவரத்தைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை, ஆனால் என் அனுபவத்தில் பாதிச் சிக்கலை அவிழ்ப்பது அதுதான்: அதே கைப்பேசியைப் புதுப்பித்தீர்களா, அல்லது வேறு கைப்பேசிக்கு மாறினீர்களா? அதே கைப்பேசி 12-இலிருந்து 14-க்குப் புதுப்பிக்கப்படும்போது, ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த செயலிகள் பழைய உரிமைகளில் பலவற்றைத் தக்கவைத்துக்கொள்கின்றன. புதிய கைப்பேசிக்கு மாறும்போது செயலியின் தரவு வந்து சேர்ந்தாலும், இயங்குதளம் அந்தச் செயலியை அன்றுதான் புதிதாக நிறுவப்பட்டதாகக் கருதிப் புதிய விதிகளை முழுமையாகப் பொருத்துகிறது. ஒரே வீட்டில், ஒரே பதிப்புள்ள இரண்டு கைப்பேசிகளில், ஒரே செயலி இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

அறிகுறி: நினைவூட்டல் தாமதமாக ஒலிக்கிறது

கைப்பேசியுடன் வந்த கடிகாரச் செயலியிலும் சிக்கலுக்குரிய செயலியிலும் ஒரே நேரத்துக்கு ஓர் அலாரம் வையுங்கள். பிறகு மின்னேற்றியைக் கழற்றி, திரையை அணைத்து, கைப்பேசியை ஒரு மணி நேரமாவது மேசையில் அசையாமல் விட்டுவிடுங்கள். அசையாமல் வைப்பது முக்கியம். மின்னேற்றம் இல்லாமல், திரை அணைந்து, அசைவின்றிக் கிடக்கும் கைப்பேசி சிறிது நேரத்தில் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகும், சிக்கல் வெளிப்படுவதும் அப்போதுதான். கையில் வைத்துக்கொண்டே சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். கடைக்காரர்கள் "ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்புவதும் இதனால்தான்.

இரண்டும் தாமதமானால் நேர அமைப்பையும் நேர மண்டலத்தையும் பாருங்கள். கடிகாரம் சரியாக ஒலித்து, நினைவூட்டும் செயலி மட்டும் பிந்தினால், அதற்குத் துல்லியமான அலாரம் வைக்கும் உரிமை இல்லை என்று பொருள் கொள்ளலாம். கடிகாரம், நாட்காட்டி போன்றவற்றுக்கு அந்த உரிமை கேட்காமலே கிடைக்கிறது. பிற செயலிகளுக்கு, 14 உள்ள கைப்பேசியில் அவை புதிதாக நிறுவப்படும்போதும், பழைய கைப்பேசியிலிருந்து மீட்டெடுக்கப்படும்போதும், அது இயல்பாகவே மறுக்கப்பட்டிருக்கும். அதே கைப்பேசியைப் புதுப்பித்தவர்களுக்கு மட்டும் பழைய உரிமை தொடரும். துல்லிய உரிமை இல்லாத அலாரத்தை இயங்குதளம் பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பிற வேலைகளுடன் சேர்த்து, குறித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு கணத்தில் ஒலிக்கச் செய்கிறது. கைப்பேசி ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தால் இன்னும்கூடப் பிந்தலாம். சில செயலிகள் இந்த மறுப்பை எதிர்பார்க்காமல் எழுதப்பட்டிருப்பதால், அலாரம் வைக்கும்போதே நின்று மூடிக்கொள்வதும் உண்டு.

"அமைப்புகள்", "ஆப்ஸ்", "சிறப்பு ஆப்ஸ் அணுகல்", "அலாரங்களும் நினைவூட்டல்களும்" என்ற வரிசையில் சென்று, உரிய செயலியின் பொத்தானை இயக்குங்கள். பிறகு செயலியைத் திறந்து, பழைய நினைவூட்டலை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வையுங்கள். மறுக்கப்பட்டிருந்த காலத்தில் வைத்த அலாரம் தானாகத் துல்லியமாகிவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். இதற்குப் பிறகும் பிந்தினால், அதே செயலியின் விவரப் பக்கத்தில் "பேட்டரி" என்பதைத் திறந்து, அது கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் இருந்தால் கட்டுப்பாடற்ற நிலைக்கு மாற்றுங்கள். பேட்டரியைக் காப்பதற்காகச் சில நிறுவனங்கள் இதற்கு மேலும் தம்முடைய தனிக் கட்டுப்பாடுகளை வைத்திருக்கின்றன. அவற்றில் "தானாகத் தொடங்குதல்" என்ற பெயரில் ஒரு பொத்தான் இருந்தால் அதையும் இயக்க வேண்டும்.

மருந்து, இன்சுலின், குழந்தையின் சொட்டு மருந்து போன்றவற்றுக்குக் கைப்பேசியை நம்புவோர், புதிய கைப்பேசிக்கு மாறிய முதல் வாரம் கடிகாரச் செயலியிலும் ஓர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி: செயலியைத் திறந்தால் செய்திகள் இருக்கின்றன, ஆனால் அறிவிப்பு வருவதில்லை

12 வரை, நிறுவிய செயலி எதுவும் கேட்காமலே அறிவிப்பு அனுப்பலாம். வேண்டாதவர்கள் போய் அணைக்க வேண்டும். 13-இல் அது தலைகீழானது. செயலி முதலில் கேட்க வேண்டும். நீங்கள் "அனுமதி" என்று சொன்னால்தான் அறிவிப்பு வரும். புதிய கைப்பேசியில் முதல் நாள் வரிசையாக எழும் கேள்விகளுக்கு அலுப்பில் "அனுமதிக்காதே" என்று அழுத்திவிடுவது எல்லோருக்கும் நேர்வதுதான். இருமுறை மறுத்த பிறகு அந்தச் செயலியால் மீண்டும் கேட்கவும் முடியாது.

ஆனால் அறிவிப்பு வராததற்கெல்லாம் இதுவே காரணம் என்று முடிவு செய்யக் கூடாது. அனுமதி இல்லாததாலும் வராமல் போகலாம்; பின்னணியில் செயலி உறங்க வைக்கப்பட்டதால் செய்தியே வந்து சேராமலும் போகலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. யாரையாவது உங்களுக்குச் செய்தி அனுப்பச் சொல்லி, பத்து நிமிடம் கைப்பேசியைத் தொடாமல் இருங்கள். பிறகு, செயலியைத் திறப்பதற்கு முன்பே விமானப் பயன்முறையை இயக்கிவிட்டு, அதன் பின் செயலியைத் திறந்து பாருங்கள். இணையம் இல்லாத அந்த நிலையிலும் செய்தி உள்ளே தெரிந்தால், அது முன்பே வந்து சேர்ந்துவிட்டது, அறிவிப்பு மட்டும் தடுக்கப்பட்டிருக்கிறது. செய்தி தெரியாமல், விமானப் பயன்முறையை அணைத்த பின்பு கொட்டினால், பெரும்பாலும் அனுமதியில் குறை இல்லை. பின்னணி இயக்கம் நிறுத்தப்பட்டிருக்கிறது. மின்னஞ்சல் செயலிகள் சில உள்ளடக்கத்தைத் திறக்கும்போது மட்டுமே இறக்குவதால், இந்தச் சோதனையை வாட்ஸாப் போன்ற உரையாடல் செயலியில் செய்வது நம்பகமானது.

முதல் நிலையில், செயலியின் விவரப் பக்கத்தில் "அறிவிப்புகள்" என்பதைத் திறந்து மேலே உள்ள முதன்மைப் பொத்தானை இயக்குங்கள். அதன் கீழே வகைவாரியாகச் சிறு பொத்தான்கள் இருக்கும். 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த ஏற்பாடு அது. முதன்மைப் பொத்தான் இயங்கினாலும், "செய்திகள்" என்ற வகை அணைந்திருந்தால் பயனில்லை. "ஒலியின்றி" என்று குறிக்கப்பட்டிருந்தால் அறிவிப்பு வரும், ஆனால் சத்தம் இருக்காது. இரண்டாம் நிலையில், "பேட்டரி" பக்கத்தில் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதுடன், "மொபைல் டேட்டா" பக்கத்தில் பின்னணித் தரவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வைஃபையில் அறிவிப்பு வந்து, வீட்டுக்கு வெளியே வராவிட்டால் குறை பெரும்பாலும் இந்தப் பின்னணித் தரவில்தான்.

பல மாதங்கள் திறக்காத செயலி திடீரென எல்லா அனுமதிகளையும் இழந்திருந்தால், அது 14-இன் வேலை அன்று. பயன்படுத்தாத செயலிகளின் அனுமதிகளைத் திரும்பப் பெறும் பழக்கம் 11-இல் தொடங்கியது. 12 அவற்றை உறக்கத்திலும் ஆழ்த்தியது. ஆபத்துக் காலத்துக்காக மட்டும் வைத்திருக்கும் செயலிகளின் விவரப் பக்கத்தில், பயன்படுத்தாவிட்டால் இடைநிறுத்தும் பொத்தானை அணைத்து வைப்பது நல்லது.

அறிகுறி: அழைப்பு வரும்போது பூட்டிய திரை முழுதாக எழுவதில்லை

14-இல் திரையை முழுதாக நிரப்பும் அறிவிப்பு, அழைப்புக்கும் அலாரத்துக்கும் உரிய செயலிகளுக்கு மட்டுமே இயல்பாகக் கிடைக்கிறது. வீட்டு வாசல் கேமரா, குழந்தையைக் கண்காணிக்கும் கருவி ஆகியவற்றின் செயலிகள் இதில் மாட்டிக்கொள்ளும். "சிறப்பு ஆப்ஸ் அணுகல்" பகுதியிலேயே முழுத்திரை அறிவிப்புகளுக்கான பட்டியல் இருக்கிறது. அங்கே இயக்கினால் போதும்.

அறிகுறி: மேலே நிலையாக நின்ற அறிவிப்பு காணாமல் போகிறது

நடை எண்ணும் செயலி, விபிஎன் போன்றவை மேலே நிறுத்தி வைக்கும் அறிவிப்பை 12-இல் விரலால் தள்ள முடியாது. 13-இலும் 14-இலும் படிப்படியாக அது தள்ளக்கூடியதாகிவிட்டது. அறிவிப்பு போனாலும் செயலி ஓடிக்கொண்டுதான் இருக்கும். திரையின் மேலிருந்து இறங்கும் விரைவு அமைப்புகளை முழுதாக இழுத்தால் கீழே, பின்னணியில் இயங்கும் செயலிகளின் எண்ணிக்கை தெரியும். அதைத் தொட்டால் பெயர்கள் வரும். ஆனால் அங்கே உள்ள "நிறுத்து" என்பதை அழுத்தினால் செயலி முழுதாகவே நின்றுவிடும்.

அறிகுறி: செயலிக்குள் எல்லாப் படங்களும் தெரிவதில்லை

12-இல் சேமிப்பகத்துக்கான அனுமதி ஒன்றே. 13 அதைப் படம், காணொளி, ஒலி என்று பிரித்தது. 14 இன்னொரு படி சென்று, குறிப்பிட்ட சில படங்களை மட்டும் காட்டும் வழியைத் தந்தது. அனுமதிப் பெட்டியில் முதலில் இருக்கும் "படங்களையும் வீடியோக்களையும் தேர்ந்தெடு" என்பதை அழுத்தி நான்கு படங்களைத் தேர்ந்திருந்தால், செயலியின் கண்ணுக்கு அந்த நான்கு மட்டுமே இருக்கும். ஐந்தாவது படம் அழியவில்லை. கைப்பேசியின் கேலரியில் அது இருக்கிறதா என்று முதலில் பார்த்து மனத்தை அமைதிப்படுத்திக்கொள்ளுங்கள். "படங்கள் போய்விட்டன" என்ற பதற்றத்தில் மீட்பு மென்பொருள்களை நிறுவியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது புதிய தலைவலியில்தான் முடிந்தது.

இந்தப் புதிய முறையை அறியாத பழைய செயலிகள், மூடித் திறக்கும்போதெல்லாம் படங்களைத் திரும்பத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நம்பிக்கைக்குரிய செயலி என்றால் "எல்லாவற்றையும் அனுமதி" என்று மாற்றுங்கள். கடன் தரும் செயலி போன்ற ஒன்று கேட்டால், அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு ஒரே ஒரு படத்தை மட்டும் கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. இந்த வசதிக்காகவே 14-ஐ நான் 12-ஐவிட மேலானதாக மதிக்கிறேன்.

படங்கள் தெரிந்து, பிடிஎஃப் கோப்புகள் மட்டும் தெரியாமல் இருந்தால் படத்துக்கான அனுமதியைக் கொடுத்துப் பயனில்லை. அது ஆவணங்களுக்குப் பொருந்தாது. செயலிக்குள் "கோப்பைத் திற" என்பதைப் பயன்படுத்தி ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். கோப்பு மேலாளர் என்றால், "சிறப்பு ஆப்ஸ் அணுகல்" பகுதியில் அனைத்துக் கோப்புகளுக்குமான அணுகலைக் கொடுங்கள். வாட்ஸாப் என்ற பழைய கோப்புறை வெறுமையாக இருப்பதாகத் தோன்றினால், ஆண்ட்ராய்டு என்ற கோப்புறைக்குள் மீடியா என்பதைத் திறந்து பாருங்கள். சேமிப்பக விதிகள் மாறியதால் வாட்ஸாப்பின் படங்கள் அங்கே இடம்பெயர்ந்துவிட்டன.

அறிகுறி: பழைய செயலியை நிறுவ முடியவில்லை

ஒவ்வொரு செயலியும், தான் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் விதிகளுக்கு ஏற்ப எழுதப்பட்டது என்பதைத் தன் கோப்புக்குள் அறிவிக்கிறது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-க்கும் முந்தைய விதிகளைக் குறித்திருக்கும் செயலியை 14 நிறுவ மறுக்கிறது. காரணம் நியாயமானது: ஒவ்வோர் அனுமதியையும் ஓடும்போது கேட்கும் முறை 6-இல்தான் வந்தது, அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதற்காகவே தீய செயலிகள் தம்மைப் பழையவை என்று அறிவித்துக்கொண்டன. அதே கைப்பேசியைப் புதுப்பித்தவர்களிடம் அந்தப் பழைய செயலி தொடர்ந்து இருக்கும். ஆகவே நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பஞ்சாங்கம், அகராதி போன்றவற்றைப் புதுப்பித்த கைப்பேசியிலிருந்து அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் திரும்ப வைக்க முடியாமல் போகலாம். கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளையிட உதவும் ஏடிபி என்ற கருவியின் வழியாக இந்தத் தடையைத் தாண்டி நிறுவ வழி உண்டு. ஆனால் அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டுமே அதை நாட வேண்டும்.

பிளே ஸ்டோரில் தேடினால் செயலியே தோன்றாததற்குக் காரணம் வேறு: நெடுநாள் புதுப்பிக்கப்படாத செயலிகளைப் புதிய பதிப்பு வைத்திருக்கும் புதிய பயனர்களுக்கு அங்கே காட்டுவதில்லை. முன்பு நிறுவிய அதே கூகுள் கணக்கில் நுழைந்து பார்த்தால் கிடைக்கும். செயலி 32 பிட் என்ற பழைய முறைக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால், 64 பிட் செயலிகளை மட்டுமே ஏற்கும் கைப்பேசிகளில் எந்த வழியிலும் ஓடாது. 2022 அக்டோபரில் வந்த, கூகுளின் பிக்சல் 7 அத்தகைய முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி.

அறிகுறி: அணுகல்தன்மைப் பொத்தான் மங்கிக் கிடக்கிறது

பிளே ஸ்டோருக்கு வெளியே, உலாவியிலோ வாட்ஸாப்பிலோ வந்த ஏபிகே கோப்பின் (செயலியை நிறுவும் கோப்பு) வழியாக நிறுவிய செயலிக்கு, அணுகல்தன்மை உரிமையையும் அறிவிப்புகளைப் படிக்கும் உரிமையையும் 13 முதல் எளிதில் கொடுக்க முடியாது. தொட்டால், "கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பு" என்ற எச்சரிக்கை வரும். ஒருமுறை அந்த எச்சரிக்கையைக் கண்ட பின், செயலியின் விவரப் பக்கத்தில் மேலே உள்ள மூன்று புள்ளிகளுக்குள் அந்தத் தடையை நீக்கும் வரி தோன்றும்.

வழியைச் சொல்லிவிட்டேன், ஆனால் தயவுசெய்து ஒரு கணம் நில்லுங்கள். அணுகல்தன்மை உரிமை பெற்ற செயலி உங்கள் திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்காகப் பொத்தான்களை அழுத்தவும் செய்யும். பார்வைக் குறையுள்ளோருக்குக் கண்ணாக இருக்கும் அதே வசதி, திருடன் கையில் வங்கிக் கணக்கின் சாவியாகிவிடும். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களில் ஏபிகே கோப்புகள் இந்தியாவெங்கும் சுற்றுகின்றன. யாரோ ஒருவர் தொலைபேசியில் வழிகாட்டி இந்தத் தடையை நீக்கச் சொன்னால், உடனே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனடியாக அழைத்து முறையிடலாம்.

அறிகுறி: புதுப்பித்த பின் பேட்டரி விரைவில் தீர்கிறது, கைப்பேசி சுடுகிறது

புதுப்பித்ததும் செயலிகள் புதிய பதிப்புக்கேற்ப மறுபடி தொகுக்கப்படுகின்றன. கைப்பேசி மின்னேற்றத்தில் சும்மா கிடக்கும்போது அந்த வேலை நடக்கிறது. ஆகவே இரண்டு மூன்று இரவுகள் மின்னேற்றத்தில் விட்டுப் பொறுத்திருங்கள். நான்காம் நாளும் மாற்றம் இல்லையென்றால், "பேட்டரி பயன்பாடு" பட்டியலில் முதலில் நிற்கும் செயலியைப் புதுப்பியுங்கள். அதன் பிறகும் சூடு தணியாவிட்டால் மென்பொருளை விட்டுவிட்டுப் பேட்டரியின் வயதைச் சந்தேகிக்கத் தொடங்கலாம்.

அறிகுறி: எழுத்துகள் வெட்டுப்படுகின்றன, அல்லது ஒரு செயலியின் மொழி மட்டும் மாறியிருக்கிறது

14-இல் எழுத்தளவை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். அதற்கு ஆயத்தமாகாத செயலிகளில் தமிழின் நீண்ட சொற்கள் பொத்தானுக்கு வெளியே வழியும்; அளவை ஒரு படி குறைத்தால் சரியாகும். ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழி வைக்கும் வசதி 13-இல் வந்தது. மொழிகள் பகுதியில் "ஆப்ஸ் மொழிகள்" என்பதைத் திறந்தால், கைப்பேசி ஆங்கிலத்தில் இருக்க ஒரு செயலியை மட்டும் தமிழில் வைக்கலாம், மாறியதைத் திருத்தவும் செய்யலாம். அந்தப் பட்டியலில் இல்லாத செயலிகளுக்கு, அவற்றின் சொந்த அமைப்புகளில்தான் மொழியைத் தேட வேண்டும்.

இவை எதுவும் உதவவில்லை, 12-க்கே திரும்ப வேண்டும்

புதுப்பிப்பது போலப் பின்னோக்கிச் செல்வது எளிதன்று. பழைய பதிப்பை ஏற்றப் பெரும்பாலான கைப்பேசிகளில், இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த கணமே உள்ளே இருக்கும் அனைத்தும் அழியும். திறந்த நிலையில் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும். சில கைப்பேசிகளில் திரும்பும் வழியே அடைக்கப்பட்டிருக்கும்: பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ ஆகியவற்றுக்கு 2022 ஆகஸ்டில் 13 வந்தபோது, பாதுகாப்புக் குறையுள்ள பழைய பூட்லோடர் மீண்டும் ஏறாதபடி தடை வைக்கப்பட்டது, ஆகவே 13-ஐ நிறுவியவர்கள் 12-க்குத் திரும்ப முடியவில்லை.

அப்படியும் திரும்பியே ஆக வேண்டும் என்பவர்கள், படங்களைக் கேபிள் வழியாகக் கணினியில் நகலெடுத்து, வாட்ஸாப் உரையாடல்களைக் காப்பெடுத்து, இருபடிச் சரிபார்ப்புக் குறியீடுகள் தரும் செயலியின் கணக்குகளை வேறொரு கைப்பேசிக்கு மாற்றிய பின் தொடங்குங்கள். இந்த மூன்றில் கடைசியைத்தான் மக்கள் மறக்கிறார்கள். மறந்தவர்கள் கைப்பேசி மீண்ட பிறகும் தம் சொந்தக் கணக்குகளுக்குள் நுழைய முடியாமல் நிற்கிறார்கள். நகலெடுத்த படங்களில் நான்கைந்தைக் கணினியில் திறந்து பார்த்து, அவை உண்மையிலேயே திறக்கின்றன என்று உறுதி செய்துகொள்ளாமல் பூட்லோடரைத் தொடாதீர்கள்.